சாம்பலில் எழுதப்பட்ட சட்டங்கள்

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் பூமாலைக் கடைகளும் வாழையிலைச் சாப்பாடும் தீபாவளிக் கூட்டமும்தான் கண்முன் வரும். அந்தப் பெயருக்குள் ஒரு பேரிடரின் கதை ஒளிந்திருப்பதைப் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். செங்கல் அறுத்த நிலம் என்பதே அதன் பொருள். ஊர் எரிந்தது, இனி எரியக்கூடாது என்று முடிவெடுத்தார்கள், அந்த முடிவுக்குச் சான்றாக ஒரு வட்டாரத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

தொழில் நடக்கும் இடங்களில் என்ன ஆபத்து வரலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது, வந்தால் என்ன செய்வது என்று திட்டம் தீட்டுவது ஆகியவற்றை இன்று பெரிய கல்லூரிகளில் தனிப் பாடமாகவே படிக்கிறார்கள். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. தீயிலும் வெள்ளத்திலும் வெடிவிபத்திலும் ஒவ்வொரு வரியாகக் கற்றுக்கொண்டார்கள். அந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், இன்று ஒரு சிறிய கடை முதலாளி செய்ய வேண்டியது என்ன என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

அத்தாப்புக் கூரையிலிருந்து செங்கல் சுவர் வரை

சிலாங்கூரின் தலைநகரம் 1880இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. அன்றைய கோலாலம்பூர் ஈயச் சுரங்கத்தை நம்பிய சின்னஞ்சிறு ஊர். வீடுகளும் கடைகளும் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆனவை. ஒன்றோடொன்று முதுகு உரச நின்றவை. தலைநகரமாகி ஓராண்டு கூட முழுமையாகக் கழியாத நிலையில், 1881 ஜனவரியில் தீ பிடித்தது. ஊரின் பெரும்பகுதி சாம்பலானது. அந்தத் துயரம் ஆறுவதற்குள் அதே ஆண்டில் வெள்ளம் வந்து, மிச்சமிருந்ததையும் அடித்துச் சென்றது.

1882இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் ஸ்வெட்டன்ஹாம், இனிக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். சட்டம் போட்டால் மட்டும் போதுமா? செங்கல் வேண்டாமா? சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய், ஊருக்குத் தெற்கே பெரிய நிலப்பரப்பை வாங்கிச் செங்கல் தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் காப்பித்தான் யாப் குவான் செங்கும் அங்கே சூளை நடத்தினார். அந்த நிலம்தான் பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வே வேலைக்கு வந்த தமிழர்கள் அந்தச் செங்கல் நிலத்தைச் சுற்றியே குடியேறினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தீயை அணைக்க நிறைய வாளிகள் வாங்கி வைப்போம் என்று அவர்கள் முடிவெடுக்கவில்லை. தீ பரவுவதற்குக் காரணமான கூரையையே மாற்றினார்கள். ஆபத்தை அதன் வேரிலேயே வெட்டுவதுதான் முதல் வழி. முடியாதபோதுதான் மற்ற வழிகள். இன்றைய பாதுகாப்பு நிபுணர்கள் சொல்லும் முதல் விதியும் இதுவே.

அந்த விதியை மறந்தால் என்ன நடக்கும்? தமிழ்நாட்டில் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் நாள் ஒரு பள்ளியில் பற்றிய தீயில் 94 பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அங்கேயும் கீற்றுக் கூரை. அங்கேயும் நெரிசல். கோலாலம்பூர் எரிந்து 123 ஆண்டுகள் கழிந்த பிறகும் அதே பாடத்தை இன்னோர் ஊர் தன் பிள்ளைகளைக் கொடுத்துக் கற்க வேண்டியிருந்தது. ஓர் ஊரின் அனுபவம் அடுத்த ஊருக்குத் தானாகப் போய்ச் சேருவதில்லை. யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். யாராவது காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாடிகள் உயர்ந்தன, ஆபத்தும் உயர்ந்தது

செங்கல்லும் சிமெண்டும் வந்துவிட்டதால் தீ பயம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு 1976 ஏப்ரலில் பதில் கிடைத்தது. கோலாலம்பூரின் கேம்பல் சாலையில் இருந்த கேம்பல் வணிக வளாகம் தீப்பிடித்து எரிந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தில் தீ பிடித்தால் ஏணி எட்டுமா, மாடிப்படி வழியே புகை ஏறுமா, மேல் மாடியில் இருப்பவர் எப்படிக் கீழே இறங்குவார் என்ற கேள்விகள் அப்போதுதான் நகரத்தை உலுக்கின.

1984இல் வந்த ஒருசீர் கட்டட விதிகளில் தீத்தடுப்புக்கென்றே தனிப் பகுதிகள் இடம்பெற்றன. தீயைத் தாங்கும் சுவர், தப்பிக்கும் படிக்கட்டு, வெளியேறும் வழியின் தூரம், எச்சரிக்கை மணி என எல்லாவற்றுக்கும் அளவு சொல்லப்பட்டது. அடுத்து 1988இல் தீயணைப்புச் சேவைச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட வகைக் கட்டடங்கள் தீப்பாதுகாப்புச் சான்றிதழ் பெற வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

ஏட்டில் எல்லாம் சரிதான். ஆனால் தப்பிக்கும் படிக்கட்டு எத்தனை கட்டடங்களில் பெட்டி அடுக்கும் இடமாக இருக்கிறது? திருடன் வருவான் என்ற பயத்தில் எத்தனை பின்கதவுகளுக்குப் பூட்டு தொங்குகிறது? திருடன் வராத நாளில் தீ வந்தால் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கும்? சட்டம் போட்டவர் கதவு வைக்கச் சொல்லலாம். அதைத் திறந்து வைப்பது கடைக்காரர் கையில்தான் இருக்கிறது.

மத்தாப்பு ஆலையும் துறைமுகமும்

1991 மே 7ஆம் நாள் பிற்பகல், சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்ளர்ஸ் என்ற பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. 26 பேர் மாண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். வெடிப்பின் அதிர்வு பல கிலோமீட்டர் தூரம் உணரப்பட்டது. பட்டாசைச் சோதித்துப் பார்த்தபோது பற்றிய தீ, வெடிமருந்துக்குப் பரவியதே காரணம். அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டு விசாரணை நடந்தது.

தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தாத தமிழ்க் குடும்பம் இல்லை. அந்தச் சிறு ஒளிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய ஆபத்து மூட்டை கட்டி வைக்கப்பட்டிருந்தது என்பதை நாடு அன்றுதான் உணர்ந்தது. வெடிமருந்து கையாளும் ஆலை எங்கே இருக்க வேண்டும்? வீடுகளுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? பாதிப்பு ஆலையின் வேலியோடு நிற்கவில்லை. சுற்றியிருந்த வீடுகளையும் தாக்கியது. ஒரு முதலாளியின் ஆபத்து, அவருக்குச் சம்பந்தமே இல்லாத அண்டை வீட்டாரின் தலையிலும் விழும் என்பதே சுங்கை பூலோ சொன்ன கசப்பான பாடம்.

அடுத்த ஆண்டே இன்னொன்று. 1992 ஜூன் 20ஆம் நாள், போர்ட் கிள்ளான் தெற்குத் துறைமுகத்தில் சூன் ஹாங் 3 என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்து வெடித்தது. எளிதில் தீப்பற்றும் இரசாயனங்கள் அதில் இருந்தன. 13 பேர் உயிரிழந்தார்கள். அதே துறைமுகம் 1980இலும் தீயையும் வெடிப்பையும் கண்டிருந்தது. அப்போது மூவர் மாண்டார்கள். ஏறத்தாழ 200 பேர் காயமடைந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரே இடத்தில் இரண்டு முறை! தீபாவளிச் சேலையிலிருந்து சமையல் எண்ணெய் வரை கிள்ளான் கடைத்தெருவுக்குச் சரக்கு வரும் வாசல் அந்தத் துறைமுகம். அதில் வேலை செய்தவர்களிலும் அதைச் சுற்றிக் குடியிருந்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம்.

உலகமும் மலேசியாவும்

இது மலேசியாவின் தனிக்கதை அல்ல. 1974இல் இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ ஊரில் ஓர் இரசாயன ஆலை வெடித்து 28 பேர் இறந்தார்கள். 1976இல் இத்தாலியின் செவேசோ வட்டாரத்தில் நச்சு மேகம் பரவியது. அதன் விளைவாக ஐரோப்பிய நாடுகள் 1982இல் ஒரு பொது விதியைக் கொண்டுவந்தன. 1984 டிசம்பரில் இந்தியாவின் போபாலில் நச்சுவாயு கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது.

இந்த அனுபவங்களும் உள்நாட்டு விபத்துகளும் சேர்ந்து மலேசியச் சட்டங்களின் போக்கை மாற்றின. பழைய தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் 1967ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எந்த இயந்திரத்துக்கு எவ்வளவு வேலி என்று அளந்து சொல்லும் வகைச் சட்டம் அது. 1994 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேறு வழியில் சென்றது. ஆபத்தை உண்டாக்குபவரே அதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்றது. அதிகாரி வந்து சொல்லும் வரை காத்திருக்கக்கூடாது; முதலாளியே தன் இடத்தில் என்ன கோளாறு நடக்கலாம் என்று யோசிக்க வேண்டும். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், தொழிலாளர்களும் இடம்பெறும் பாதுகாப்புக் குழு இயங்க வேண்டிய நிலையும் அந்தச் சட்டத்தால் வந்தது.

1996இல் பெரும் தொழில்துறை விபத்து அபாயக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் வந்தன. சிமா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆபத்தான இரசாயனத்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனம் அதை அரசாங்கத்திடம் தெரிவிக்க வேண்டும். ஆலைக்குள் விபத்து நடந்தால் என்ன செய்வது என்ற அவசரத் திட்டம் வைத்திருக்க வேண்டும். பாதிப்பு வெளியே பரவினால் என்ன செய்வது என்ற திட்டத்தை ஊராட்சி அமைப்பும் வைத்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்து மக்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். சுங்கை பூலோ கேட்ட கேள்விகளுக்கு ஐந்து ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் இது என்றே சொல்லலாம்.

இதற்கிடையில் 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். மீட்புப் பணியில் யார் தலைமை, யார் எதைச் செய்வது என்ற கேள்வி எழுந்தது. 1994இல் ஸ்மார்ட் எனும் சிறப்பு மீட்புக் குழு அமைக்கப்பட்டது. 1997இல் தேசிய பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் உத்தரவு, பேரிடர் நேரத்தில் ஒவ்வொரு துறையின் பொறுப்பையும் வரையறுத்தது. 2015இல் தேசிய பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா உருவானது.

வரிசையைக் கவனியுங்கள். தீ வந்தது, விதி வந்தது. கப்பல் வெடித்தது, விதி வந்தது. கட்டடம் சரிந்தது, குழு வந்தது. ஒவ்வொரு சட்டத்தின் பின்னாலும் ஒரு பிணக்கணக்கு இருக்கிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று இதைச் சொல்லிச் சலித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மனிதர்கள் இறந்ததில் ஏதாவது பயன் இருக்க வேண்டுமானால், அவர்களால் வந்த விதியை மற்றவர்கள் பின்பற்ற வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் இரண்டாம் முறையும் வீணாக இறந்தவர்களாகிறார்கள்.

தண்ணீர் கற்பித்த கணக்கு

தீயைவிட அடிக்கடி வரும் விருந்தாளி வெள்ளம். 1971 ஜனவரியில் கோலாலம்பூரை மூழ்கடித்த வெள்ளத்தில் 32 பேர் இறந்தார்கள். 180,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. 2007இல் வெள்ளநீரையும் வாகனங்களையும் ஒரே குழாயில் அனுப்பும் ஸ்மார்ட் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் 9.7 கிலோமீட்டர்.

சுரங்கம் நகரத்தின் நடுப்பகுதியைக் காக்கக் கட்டப்பட்டது. மழைக்கு அந்த எல்லை தெரியாதே! 2021 டிசம்பர் நடுவில், ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி நின்றார்கள். கிள்ளானிலும் வீடுகளும் கடைகளும் தண்ணீரில் நின்றன. அந்தப் பருவத்து வெள்ளத்தால் நாடு முழுவதும் ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ பாதி சிலாங்கூரின் இழப்பு. தொழிற்சாலைகளுக்கு 90 கோடி வெள்ளி, வணிகத் தலங்களுக்கு 50 கோடி வெள்ளி.

இந்தக் கோடிக் கணக்குக்குள் எத்தனையோ சின்னக் கதைகள் இருக்கின்றன. தரையில் அடுக்கியிருந்த துணிக்கட்டு, கீழ்த்தட்டில் வைத்த கடன் புத்தகம், ஒரே கணினியில் இருந்த வாடிக்கையாளர் கணக்கு, இவையெல்லாம் ஒரே இரவில் போய்விடும். காப்புறுதி இருக்கிறதே என்று நம்பியவர்களிலும் ஏமாந்தவர்கள் உண்டு. சாதாரணத் தீக் காப்புறுதி வெள்ளத்துக்கு இழப்பீடு தராது. வெள்ளத்துக்கென்று தனியாகச் சேர்த்துப் பணம் கட்டியிருக்க வேண்டும். அந்தத் தாளை எடுத்து ஒரு முறை படித்துப் பார்க்கும் வேலை, மழை வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியது.

ஐந்து பேர் வேலை செய்தாலும் சட்டம் உண்டு

பாதுகாப்புச் சட்டம் பெரிய ஆலைகளுக்குத்தான், நமக்கென்ன என்று சிறு வியாபாரிகள் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2022இல் திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தபோது அந்த நினைப்புக்கும் முடிவு வந்தது. வீட்டு வேலை போன்ற சில விலக்குகள் தவிர, ஏறத்தாழ எல்லா வேலையிடங்களும் இப்போது அதன்கீழ் வருகின்றன. 1967ஆம் ஆண்டின் பழைய சட்டம் அதே நாளில் விடைபெற்றது.

புதிய திருத்தத்தின்படி ஒவ்வொரு முதலாளியும் தன் வேலையிடத்தின் ஆபத்துகளை மதிப்பிட வேண்டும். அவசர நேரத்தில் என்ன செய்வது என்று ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், பாதுகாப்பு அதிகாரி தேவைப்படாத இடங்களில், அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். உடனடி ஆபத்து இருந்து, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகிப் போகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. முதலாளி கடமை தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது.

மதிப்பீடு என்றதும் பயப்பட வேண்டியதில்லை. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2008இல் வெளியிட்ட வழிகாட்டி எளிய பெருக்கல் கணக்கைத்தான் சொல்கிறது. ஒரு விபத்து நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண். நடந்தால் ஏற்படும் பாதிப்புக்கு 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண். இரண்டையும் பெருக்க வேண்டும். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம், உடனே செயல்பட வேண்டும். 5 முதல் 12 வரை நடுத்தரம். 4க்குள் இருந்தால் குறைவு.

ஓர் உணவகச் சமையல்கட்டை எடுத்துக்கொள்வோம். கேஸ் தோம்பு அடுப்புக்கு அருகிலேயே நிற்கிறது. ரப்பர் குழாய் பழையது. கசிந்து தீப்பற்றும் வாய்ப்பு 4, பாதிப்பு உயிர்ச்சேதம் என்பதால் 4. பெருக்கினால் 16. தோம்பைக் காற்றோட்டமான வெளியிடத்துக்கு மாற்றி, குழாயையும் ரெகுலேட்டரையும் புதிதாக்கினால் வாய்ப்பு 2 ஆகிறது. கணக்கு 8க்கு இறங்கிவிடுகிறது. செலவு எவ்வளவு? ஒரு விருந்தின் செலவை விடக் குறைவாகவே இருக்கும்.

‘ஐந்து பேரை வைத்துக்கொண்டு கடை நடத்துபவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. வாடகை, சம்பளம், கடன் என்று மூச்சு முட்டும் வியாபாரிக்கு இன்னொரு தாள் இன்னொரு சுமைதான். ஆனால் பெரிய நிறுவனத்தின் ஒரு கிளை எரிந்தால் பத்துக் கிளைகள் அதைத் தாங்கும். சிறு வியாபாரிக்கு இருப்பது ஒரே கடை. அது போனால் அவர் குடும்பமும் அந்த ஐந்து பேரின் குடும்பமும் சேர்ந்தே தெருவுக்கு வரும். திட்டம் அதிகம் தேவைப்படுவது யாருக்கு என்று பார்த்தால், இந்தக் கடைக்காரர்தான் முதல் வரிசையில் நிற்கிறார்.

பழக்கமே உயிர் காக்கும்

திட்டத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் போதாது. நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993இல் குண்டு வெடித்தது. அங்கே மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த ரிக் ரெஸ்கோர்லா, மறுபடியும் தாக்குதல் வரும் என்று கணித்தார். ஊழியர்கள் முணுமுணுத்தாலும், வேலையை நிறுத்தி அவர்களைப் படிக்கட்டில் இறங்கவைத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்தார். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் விமானங்கள் மோதியபோது, அங்கிருந்த சுமார் 2,700 ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு வெளியேறினார்கள். எஞ்சியவர்களைத் தேடி மேலே போன அவர் திரும்பவில்லை. பதறும் நேரத்தில் மனிதனுக்குப் புது யோசனை வராது. கால் பழகிய வழியில்தான் போகும். அந்தப் பழக்கத்தைத்தான் அவர் கொடுத்துவிட்டுப் போனார்.

2025 ஏப்ரல் 1ஆம் நாள், நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில், சுபாங் ஜெயா புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்து வானளாவத் தீ எழுந்தது. வீடுகள் எரிந்தன, நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். உயிர்கள் தப்பியது பெரும் ஆறுதல். விபத்துக்கு வார நாள், விடுமுறை நாள் என்ற பேதம் கிடையாது என்பதை அந்தக் காலை மீண்டும் காட்டியது.

தீபாவளி நெருங்கும் வாரங்களில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கால் வைக்க இடமிருக்காது. ஐந்தடி நடைபாதையில் சரக்கு நிறைந்திருக்கும். தற்காலிக மின்கம்பிகள் தலைக்கு மேல் தொங்கும். பண்டிகைக்கென்று சேர்த்த புது ஆட்களுக்குப் பின்கதவு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. கூட்டம் சேருவதற்கு முந்திய வாரத்தில், கடை சாத்தும் நேரத்தில் கால் மணி நேரம் போதும். எல்லாரையும் கூப்பிட்டுப் பின்கதவைத் திறந்து காட்டலாம். மின்சாரத்தை எங்கே நிறுத்துவது, தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது, 999க்கு யார் அழைப்பது, வெளியே எந்த இடத்தில் கூடி ஆளை எண்ணுவது என்று சொல்லித் தரலாம். பிறகு அனைவரும் ஒரு முறை நடந்து பார்க்கட்டும். எண்ணும்போது ஒருவர் குறைந்தால், அன்றைக்குத் திரும்பிப் போய்த் தேட நேரமிருக்கும்.